கட்டா கட்டுபடியாகுமா?

மெட்ராஸில் வீட்டு வாசலிலேயே பால் கறந்து வாங்கிய தலைமுறைக்கு வைக்கோல் கன்று ஞாபகம் இருக்கும். ஒரு கையில் பசுவின் கயிறு, இன்னொரு கக்கத்தில் அந்தப் பொம்மை. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துச் சாக்குத் தையல் போட்டிருப்பார் பால்காரர். கண் இருந்த இடம் வெறும் ஓட்டை. பசுவின் முகத்துக்கு நேரே அதைச் சாய்த்து வைத்ததும் பசு நக்க ஆரம்பிக்கும், மடியில் பால் இறங்கும். தெருப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. கன்று ஏன் செத்தது என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

வட இந்தியாவில் அதே பொம்மைக்குக் கால்பச்சா என்று பெயர். நம் காதில் கால் என்று விழுந்தாலும் அங்கே அது தோல். டெல்லியில் இப்போது அதுவும் அருகிவிட்டது. ஆக்ஸிடோசின் ஊசி ஒன்று போட்டால் கன்றும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். நகரத்துப் பால் பண்ணைகள் பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் இந்த ஊசியை விலங்கு வதை என்றே கண்டித்தது. குப்பை மலைகளை ஒட்டி நிற்கும் காசிப்பூர், பல்ஸ்வா பண்ணைகளை வேறு இடத்துக்கு மாற்றவேண்டும் என்றும் சொன்னது.

காசிப்பூர் நமக்குக் கேள்விப்பட்ட பெயர்தான். 2020, 2021-ல் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த எல்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் மீன் மண்டி, கோழி மண்டி, பூ மண்டி. தலைக்கு மேலே 1984 முதல் டெல்லி கொட்டிய குப்பை, மலையாக. 2017 செப்டம்பரில் அதில் ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். மலையடிவாரத்தில் எருமைப் பண்ணைகள். கொஞ்சம் தள்ளி கால்நடைச் சந்தை. அதை ஒட்டி மாநகராட்சியின் இறைச்சிக்கூடம். பழைய டெல்லியில் ஈத்கா பக்கம் காலங்காலமாக இருந்ததை நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு மூடி, 2009-ல் இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு எருமை கறந்து, விலைபோய், கறியாவது எல்லாமே நடந்து போகும் தூரத்துக்குள் முடிந்துவிடும்.

கொட்டகைக்குள் போனால் வரிசையாக முர்ரா எருமைகள். சுருண்ட கொம்பு, ஈரச் சிமெண்டுத் தரை, சாணி வாய்க்கால். கடைசித் தூணில் ஒரு கன்று, ஒன்றரை முழக் கயிற்றில். விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆண் கன்று. ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் இதைக் கட்டா என்பார்கள், பெட்டையானால் கட்டியா. கட்டியாவுக்குத் தீனி கிடைக்கும், கட்டாவுக்குக் கயிறுதான்.

இந்தக் கட்டாவை ஒழுங்காக வளர்த்து, கொழுக்க வைத்து, கறிக்கு விற்றால் என்ன? உலகத்துக்கே எருமைக்கறி விற்கிற நாட்டில், பிறந்த கிடாக்கன்றைப் பட்டினி போட்டுச் சாகவிடுவது கிறுக்குத்தனம் இல்லையா? டெல்லியில் திட்டம் தீட்டுகிறவர்களும் பல வருஷமாக இதைத்தான் கேட்டார்கள். பதில் பேனாவும் காகிதமும் எடுத்தால்தான் கிடைக்கும். எடுப்போம்.

படே கா, சோட்டே கா

முதலில் எது பசு, எது எருமை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். டெல்லியில் 1994-ல் வந்த கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி பசு, காளை, எருது, கன்று எதையும் அறுக்கக் கூடாது. எருமை அந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே டெல்லிக் கசாப்புக் கடையில் படே கா என்று விற்பது எருமைக்கறி. சோட்டே கா என்றால் ஆடு. ஏற்றுமதியும் அப்படியே. பசுவின் கறி ஒரு கிலோகூடச் சட்டப்படி வெளியே போக முடியாது. போவதெல்லாம் எலும்பு நீக்கிய எருமைக்கறி. நம் ஊர் சட்டம் வேறு மாதிரி. தமிழ்நாட்டின் 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தில் எருமையும் உண்டு; பத்து வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று வேண்டும்.

2023-24-ல் இந்தியா ஏற்றுமதி செய்த எருமைக்கறி சுமார் 12.96 லட்சம் டன், மதிப்பு 31,010 கோடி ரூபாய். வியட்நாம், மலேசியா, எகிப்து, இராக், இந்தோனேசியா என்று போகிறது. இதில் பெரும்பகுதி டெல்லியைச் சுற்றியுள்ள மேற்கு உத்தரப் பிரதேசத்து ஆலைகளிலிருந்து கிளம்புகிறது.

அந்த இரண்டு எண்ணையும் வகுத்தால் கிலோ 239 ரூபாய் வருகிறது. எலும்பில்லாத, உறைய வைத்த, கப்பலேறத் தயாரான கறியின் விலை இது. 2014-15-ல் 14.76 லட்சம் டன், 29,282 கோடி ரூபாய். அப்போது கிலோ 198. ஒன்பது வருஷத்தில் ஏறியது சுமார் 20 சதவீதம். இதே காலத்தில் டெல்லியில் மதர் டெய்ரியின் முழுக்கொழுப்புப் பால் லிட்டர் 48 ரூபாய் அளவிலிருந்து 66-க்குப் போய்விட்டது. கறியைவிடப் பால் வேகமாக ஏறுகிறது. கட்டாவின் தலையெழுத்தை எழுதுவது இந்த இரண்டு விலைகளும்தான்.

எழுதப்பட்டது எப்படி என்பதைக் கால்நடைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2019-ல் நாட்டில் எருமை மொத்தம் 10 கோடியே 98 லட்சம். அதில் பெண் எருமை 10 கோடிக்கு மேல். ஆண் எருமை 1 கோடியைத் தொடவில்லை. 2012-ல் ஆண் 1 கோடியே 60 லட்சம் இருந்தது. பிறக்கும்போது ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி. குறைகிற கணக்கில் ஒரு பகுதி இளவயதிலேயே கறிக்குப் போனவை. இன்னொரு பகுதி, முதல் சில மாதங்களில் தாய்ப்பால் கிடைக்காமல் கழிந்து, புழு வைத்து, சுருண்டு போனவை. வண்டியிழுக்கவும் உழவுக்கும் கிடா தேவைப்பட்ட காலம் போனதும் வேகம் கூடியது.

பால் குடிக்கிற வரை

இனிக் கணக்கு. கீழே வரும் விலைகள் நான் வைத்துக்கொண்ட தோராயம். தீவனம் (அடர்தீவனம்) கிலோ 25, கோதுமைப் பூசாவும் (நொறுக்கிய கோதுமை வைக்கோல்) பசுந்தீவனமும் காய்ந்த எடையில் கிலோ 8, பண்ணை வாசலில் எருமைப்பால் லிட்டர் 60. உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், முறை அதேதான்.

பிறக்கும்போது முர்ராக் கன்று ஏறக்குறைய 30 கிலோ. முதல் மாதம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், அடுத்த மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு என்பது கால்நடை மருத்துவக் கல்லூரிப் பாடம். கூட்டினால் மூன்று மாதத்தில் 245 லிட்டர் அளவுக்கு வரும். 60 ரூபாய் வீதம் 14,700.

இந்த ஒரு எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மறுமுனைக்குப் போவோம். அதே கன்று வளர்ந்து 300 கிலோ ஆகிறது. அறுத்தால் பாதி எடை, அதாவது 150 கிலோ உடல். எலும்பு நீக்கினால் 105 கிலோ கறி நிற்கும். ஏற்றுமதி விலையில் 25,000 ரூபாய். தோல், குடல், எலும்பு, கொழுப்பு விற்ற காசு ஆலைச் செலவுக்குச் சரியாகிவிடும் என்று வைத்தாலும், உயிரோடு நிற்கிற மாட்டுக்கு ஆலைக்காரர் கிலோவுக்கு 83 ரூபாய்க்கு மேல் தந்தால் கைநஷ்டம். உள்ளூர்க் கசாப்புக்காரர் எலும்போடு, ஈரலோடு, அன்றைக்கே விற்பதால் கொஞ்சம் கூடத் தருவார். தாராளமாக 100 ரூபாய் என்றே வைப்போம். 300 கிலோ மாடு 30,000 ரூபாய்.

அதாவது மாட்டின் கடைசி விலையில் பாதி, மூன்று மாதப் பாலிலேயே தீர்ந்துபோகிறது. பால்காரர் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் கூட்டல் கழித்தல் தெரிந்தவர், அவ்வளவுதான். சீம்பாலும் முதல் சில வாரப் பாலும் கொடுத்துவிட்டு, பிறகு பால்மாவுக்கும் கன்றுத் தீவனத்துக்கும் மாற்றினால் இந்தச் செலவைப் பாதியாக்கலாம். ஆக, 7,000 என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம். மூன்று மாதக் கன்று, 60 கிலோ. இன்னும் 240 கிலோ ஏற்ற வேண்டும். அதற்கு மூன்று வழி.

மூன்று வழி, நான்காவது வழி

கொட்டகையிலேயே கட்டிப்போட்டு, பாதித் தீவனம் பாதிப் பூசா என்று வயிறு முட்டக் கொடுப்பது முதல் வழி. வெளிநாட்டில் ஃபீட்லாட் என்பது இதன் பெரிய வடிவம். ஆய்வுப் பண்ணைகளில் கட்டா நாளுக்கு 600 முதல் 800 கிராம் வரை ஏறும். 650 என்று வைத்தால் ஒரு வருஷத்தில் 300 கிலோவைத் தொட்டுவிடும். ஒரு கிலோ எடை ஏற ஏழரைக் கிலோ காய்ந்த தீனி வேண்டும், ஆக 240 கிலோவுக்கு 1,800 கிலோ. அதில் பாதி தீவனம். ஈரத்தையும் சேர்த்தால் 1,000 கிலோ, 25,000 ரூபாய். மீதி பூசாவும் பசும்புல்லும், 7,200. ஐம்பது கன்றுக்கு ஒரு ஆள், மாதம் 12,000 சம்பளம் என்றால் கன்றுக்கு ஒரு வருஷத்தில் 2,900 அளவு. மருந்து, காப்பீடு 1,500. பால் செலவையும் சேர்த்தால் 43,600. விற்பது 30,000-க்கு.

13,600 ரூபாய் நஷ்டம், ஒரு கன்றுக்கு. கொட்டகைச் செலவும் வங்கி வட்டியும் நூற்றுக்குப் பத்துக் கன்று செத்துப்போவதும் இதில் சேரவில்லை.

இரண்டாவது வழி, பகலில் மேய்ச்சல், சாயங்காலம் ஒன்றேகால் கிலோ தீவனம், இரவில் கொஞ்சம் பூசா. நாளுக்கு 450 கிராம் ஏறும். பதினேழு மாதத்துக்கு மேல் ஆகும். தீவனம் 16,700, பூசா 8,500, மற்றது 2,500, பால் 7,000. மொத்தம் 34,700. வீட்டு ஆளின் கூலியைக் கணக்கில் சேர்க்காமலே 4,700 இடிக்கிறது.

மூன்றாவது வழி நம் பாட்டன் வழி. அவிழ்த்துவிட்டால் குளத்தங்கரை, தரிசு, அறுத்த வயல். வீட்டில் கிடக்கிற பூசாவில் ஒன்றரைக் கிலோ. தீவனமே கிடையாது. நாளுக்கு 300 கிராம் ஏறினால் அதிகம். 240 கிலோ ஏற 800 நாள். பூசாவுக்கு 9,600, மற்றது 1,500, பால் 7,000, மொத்தம் 18,100. கையில் 11,900 மிச்சம். பிறந்த நாளிலிருந்து 29 மாதத்துக்கு இதைப் பிரித்தால் மாதம் 410 ரூபாய், நாளுக்கு 14 ரூபாய்க்குள். ஒரு டீக்காசு. அதுவும் மேய்ச்சல் நிலம் சும்மா கிடைக்கிற ஊரில், பையனோ பாட்டியோ சும்மா மேய்க்கிற வீட்டில்.

விஞ்ஞான முறை நஷ்டம், சோம்பேறி முறை லாபம் என்று இதைப் படித்தால் பாதிதான் புரிந்தது. முக்கியமான எண் வேறொன்று. முதல் வழியில் தீனிக்கு மட்டும் 32,200 செலவு, ஏறிய எடை 240 கிலோ. ஒரு கிலோ எடை ஏற்ற 134 ரூபாய். சந்தையில் அந்தக் கிலோவுக்குக் கிடைப்பது 100. ஒவ்வொரு கிலோவுக்கும் 34 ரூபாய் கையிலிருந்து போகிறது. எவ்வளவு வேகமாகக் கொழுக்க வைக்கிறோமோ அவ்வளவு வேகமாக நஷ்டம் சேரும். பண்ணையைப் பெரிதாக்கினால் நஷ்டமும் பெரிதாகும். கொட்டகைக்கு மானியம் வாங்கினாலும் இந்த 134 அசையாது, ஏனென்றால் மானியம் சிமெண்டுக்குப் போகிறது, தீனிக்குப் போவதில்லை.

நான்காவது வழி ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது, அதில் காசும் இருக்கிறது. நகரப் பால் பண்ணைக்காரர் ஹரியானாவின் ரோத்தக், ஜீந்த், ஹிசார் பக்கத்திலிருந்து கன்று ஈன்ற எருமையாக வாங்கி வருவார். நல்ல முர்ரா ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது. பால் வற்றியதும் அடுத்த ஈற்று வரை வைத்துத் தீனி போட நகரத்தில் இடமும் இல்லை, மனசும் இல்லை. விற்றுவிடுவார். எலும்பும் தோலுமாக 380 கிலோ. கிலோ 70 என்று 26,600-க்கு ஒருவர் வாங்கி, 75 நாள் நன்றாகத் தீனி போடுகிறார். பட்டினி கிடந்த உடம்பு சீக்கிரம் தேறும். நாளுக்கு 800 கிராம், 60 கிலோ. தீனியும் மருந்தும் சேர்ந்து 11,800 செலவு. 440 கிலோ எருமையை, உடம்பு தேறியதால் கிலோ 95 என்று 41,800-க்குத் தள்ளிவிடுகிறார். இரண்டரை மாதத்தில் 3,400 ரூபாய் லாபம்.

இதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ ஏற்ற அவருக்கு ஆன தீனிச் செலவு 180 ரூபாயைத் தாண்டுகிறது. முதல் வழியைவிட மோசம். பிறகு லாபம் எங்கிருந்து வந்தது? அவர் ஏற்றிய 60 கிலோவிலிருந்து இல்லை; வாங்கும்போதே இருந்த 380 கிலோவின் விலை 70-லிருந்து 95 ஆனதிலிருந்து. விலை அதே 70-ல் நின்றிருந்தால் 7,600 ரூபாய் அம்பேல். கறிமாடு கொழுக்க வைக்கிற தொழில் எந்த நாட்டிலும் பாதி வளர்ப்பு, பாதி வியாபாரம். இந்தியாவில் அது முக்கால்வாசி வியாபாரம். காசிப்பூர் சந்தையில் தரகரின் கண் மாட்டின் இடுப்பெலும்பிலும் வால் அடியிலும்தான் நிற்கிறது. எடை பெரும்பாலும் கண்மதிப்பு. கண் தேறியவருக்குக் காசு. தீவன அட்டவணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குப் பாடம்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

டெக்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் ஒரே பண்ணையில் ஐம்பதாயிரம் மாடு நிற்கிறது. 340 கிலோ அளவில் உள்ளே வரும் மாடு ஐந்தாறு மாதத்தில் 600 கிலோவைத் தொட்டு வெளியே போகும். நாளுக்கு ஒன்றரைக் கிலோ ஏறும். அங்கே மக்காச்சோளம் மலிவு, கறி விலை அதிகம். கறிக்குள் கொழுப்பு எவ்வளவு கோடு கோடாக ஓடுகிறது என்று பார்த்துத் தரம் பிரித்து முத்திரை குத்துகிறார்கள். தரம் ஏறினால் விலை ஏறும். கொழுக்க வைப்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

நம் எருமைக்கறியில் கொழுப்பு குறைவு. அரைத்து, பதப்படுத்தி, பொட்டலம் போடுகிறவர்களுக்கு அதுதான் வசதி, அதற்காகவே வாங்குகிறார்கள். அவர்களுக்குக் கொழுத்த இளங்கிடாவும் ஒன்றுதான், வற்றிய கிழ எருமையும் ஒன்றுதான். கோமாரி இருக்கும் நாடு என்பதால் விலை அதிகம் தருகிற சந்தைகள் பல நமக்குக் கதவைத் திறப்பதில்லை. திறக்கிற நாடுகளுக்கும் எலும்பை எடுத்து, நிணச் சுரப்பிகளை நீக்கி, குளிரில் ஒரு நாள் வைத்து, புளிப்புத்தன்மை சரிபார்த்துத்தான் அனுப்ப முடியும். 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கிவைத்த கோமாரி, புருசெல்லா ஒழிப்புத் திட்டத்தின் தடுப்பூசிகள் முழுப் பலன் தந்தால் இந்த நிலைமை மாறலாம். அதுவரை நம் கறியின் ஒரே பலம் மலிவு.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இத்தனை கணக்கிலும் எனக்குக் கிடைத்த பதில். எருமையை வளர்த்த செலவைப் பால் ஏற்கெனவே கட்டிவிட்டது. ஐந்தாறு ஈற்றுக் கறந்த பிறகு மிஞ்சுகிற உடம்பு, சந்தைக்கு வரும்போது கணக்கில் பைசா கடன் இல்லாத சரக்கு. அந்தச் சரக்கோடு, வாழ்நாள் செலவு முழுவதையும் கறியிலிருந்தே எடுக்க வேண்டிய கட்டாவால் போட்டியிட முடியாது. இரண்டுக்கும் சந்தையில் ஒரே விலை.

அரசாங்கத்தின் இரண்டு கை

பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய அரசு எருமைக் கிடாக்கன்றுகளைக் காப்பாற்றி வளர்க்க என்றே ஒரு திட்டம் போட்டது. 25 கன்று வைத்த சிறு பண்ணையிலிருந்து பெரிய தொழிற்பண்ணை வரை நபார்டு வழியாகக் கடன், அதில் ஒரு பகுதி மானியம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. வீணாகிற கன்று கறியாகும், தோலாகும், கிராமத்துக்கு வேலை வரும். பிறகு அது தேசியக் கால்நடை இயக்கத்தோடு கலந்தது.

இன்னொரு கை வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. பாலினம் பிரித்த விந்தில் சினைப்பட்டால் பத்துக்கு ஒன்பது பெண் கன்றாகவே பிறக்கும். இதை மானிய விலையில் பரப்புவதும் மத்திய அரசுதான். கிடாவைக் காப்பாற்றவும் காசு, கிடாவே பிறக்காமல் செய்யவும் காசு. இரண்டில் இரண்டாவதுதான் ஜெயிக்கும் என்பது என் கணிப்பு. விவசாயிக்கு அதுதான் கட்டுபடியாகும். பிறந்து பட்டினியில் சாவதைவிடப் பிறக்காமலிருப்பது மேல் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களோடு சண்டைபோட எனக்கு வாதம் இல்லை.

வழியில் இருக்கிற ஆபத்தும் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2017 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தில் அனுமதியில்லாத இறைச்சிக்கூடங்களை மூடினார்கள். ஏப்ரலில் டெல்லி கால்காஜியில், காசிப்பூருக்கு எருமை ஏற்றிவந்த மூன்று பேர் அடிவாங்கினார்கள். எருமைக்குத் தடை இல்லாத ஊரில் இது நடந்தது. மே மாதம் சந்தையில் கறிக்கென்று மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதற்கு முதல் தடை போட்டது நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதுக்கும் நீட்டித்தது. அந்த வருஷத்திலிருந்து லாரிக்காரரின் வாடகையில் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கடைசியில் தருவது மாடு விற்கிற விவசாயி.

பக்ரீத் கணக்கும் வைக்கோல் கணக்கும்

கட்டா கட்டுபடியாகும் நாள் ஒன்று இருக்கிறது. பக்ரீத். பெரிய மிருகம் ஒன்றில் ஏழு பேர் பங்கு சேரலாம் என்பது மார்க்க விதி. வெள்ளாட்டுக்கு ஒருத்தர் தனியாகத் தரும் விலையோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்கு நடுத்தர வீட்டுக்கு எட்டக்கூடியது. குறை இல்லாத, பல் விழுந்த வயதுள்ள, பார்க்க லட்சணமான கிடாவுக்கு அப்போது சந்தையில் தனி மதிப்பு. அங்கே கறியை எடை போட்டு வாங்குவதில்லை. மிருகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். சாதாரண விலையைவிட ஒன்றரை மடங்கு கிடைத்தால் நம் 300 கிலோ கட்டா 45,000-க்குப் போகும். முதல் வழியின் 43,600-ஐத் தாண்டிவிடும். ஆனால் வயது, எடை, தேதி மூன்றும் ஒத்துவர வேண்டும். பக்ரீத் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். தப்பினால் மறுநாள் காலையில் அது பழையபடி 30,000 ரூபாய் மாடு.

இன்னொரு விஷயம் தமிழ்நாட்டுக்காரருக்கு உறுத்தும். நவம்பரில் டெல்லி மூச்சுத் திணறுவதற்குப் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எரிக்கிற வைக்கோலும் ஒரு காரணம். அங்கே அதற்குப் பராலி என்று பெயர். தஞ்சாவூர்க்காரர் பார்த்தால் வயிறு எரியும். நமக்கு வைக்கோல் போர் என்பது வீட்டின் அந்தஸ்து. அங்கே மாட்டுக்குக் கோதுமைப் பூசாதான் தீனி. நெல் வைக்கோலில் மணற்சத்து அதிகம், மாடு தின்னாது என்று ஒதுக்குகிறார்கள். பாஸ்மதி வைக்கோலை மட்டும் கொஞ்சம் போடுவார்கள். அடுத்த பயிருக்கு நிலம் தயாராக நாளும் இல்லை. 2022-ல் கோடை முந்திக்கொண்டு கோதுமை விளைச்சல் குறைந்தபோது பூசா விலை எகிறியது. மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஹரியானாவில் சில இடங்களில் தடைகூடப் போட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் அதே மாநிலத்தில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் மூடிவைத்தால் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், மாடும் விரும்பித் தின்னும். பாடநூலில் பல காலமாக இருக்கிற முறை இது. பூசாவுக்குப் பதில் இதைக் கொடுத்துச் செலவைப் பாதியாக்கினால் முதல் வழியில் 3,600 ரூபாய் மிச்சமாகும். நஷ்டம் 13,600-லிருந்து 10,000 ஆகும். உதவிதான், தீர்வு இல்லை.

பொள்ளாச்சிக்குத் திரும்பினால்

இதையெல்லாம் டெல்லிக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசிக் கேரளாவுக்கு ஏற்றுகிற அடிமாட்டின் கணக்கும் இதேதான்: உழைப்போ பாலோ ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட உடம்பு. சேலத்திலும் ஈரோட்டிலும் ஜெர்சிக் கலப்புக் காளைக்கன்று பிறந்தால் வீட்டில் முகம் சுண்டுவதற்கும் காரணம் பால் விலைதான். எருமையோ இங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்தே தேய்கிறது. 2012-ல் ஏழரை லட்சத்துக்கு மேல் இருந்தது, 2019-ல் ஐந்து லட்சத்துச் சொச்சம்.

இத்தனையையும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கறிமாட்டுப் பண்ணை வையுங்கள், வருஷத்துக்கு இத்தனை லட்சம் என்று செல்போனில் காணொளிகள் சுற்றுகின்றன. பரண்மேல் ஆடு என்று கடன் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நம் பக்கம் உண்டு. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழியில் சேமிப்பைத் தொலைத்தவர்களையும் மறந்திருக்க மாட்டோம். காணொளியில் மாட்டின் தினசரி எடை ஏற்றம் சொல்வார்கள், தீவனக் கலவை சொல்வார்கள். ஒரு கிலோ எடை ஏற்ற எவ்வளவு ஆகிறது, அந்தக் கிலோவுக்குச் சந்தை எவ்வளவு தருகிறது என்ற இரண்டை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன், உங்கள் ஊர்த் தீவன விலையையும் சந்தை விலையையும் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். கிலோ ஏற்றும் செலவு உயிர் எடை விலையைத் தாண்டினால், அந்தக் கொட்டகையில் கறவை எருமையைக் கட்டுங்கள். கட்டிய பிறகு அது கிடாக்கன்று போட்டால், சீம்பாலையாவது அதற்கு முழுசாகக் கொடுங்கள்.